வேஸ்ட்கோட்டின் முதுகு: நூற்பாவும் உரையும்

முன்னது பட்டே பின்னது பருத்தி
பின்னது காட்டான் பெருமகன் என்ப.

என்பது நூற்பா. இதைச் செய்ததும் நாமே, உரை காண்பதும் நாமே. மறுப்பதற்கு ஆளில்லாத துறைகளில் இதுவே மரபு.

கருத்து: ஆங்கிலக் கனவான் சபையில் கோட்டைக் கழற்றாததற்குக் காரணம் ஒழுக்கம் அன்று, முதுகு.

விளக்கம்: 1666 அக்டோபரில், லண்டன் எரிந்து ஒரு மாதம் ஆகியிருந்த வேளையில், மன்னர் இரண்டாம் சார்லஸ் புதிய உடை ஒன்றை அறிவித்தார். கோட்டுக்கு உள்ளே அணியும் நீண்ட அங்கி அது, வேஸ்ட்கோட்டின் மூதாதை. பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்பிப்பதே நோக்கம் என்று சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிரபுக்களும் கீழ்ப்படிந்தனர். எங்ஙனம் எனின், முதுகுப் பக்கம் மட்டும்.

அடுத்த நூற்றாண்டு வேஸ்ட்கோட்டே சான்று. முன்பக்கத்துக்கு உயர்ந்த பட்டு. வெட்டாத துணியிலேயே ஓரக்கொடி, பாக்கெட் மூடி, பித்தானுக்குப் போர்த்தும் சிறு வட்டங்கள் வரை பூவேலை செய்து விற்றார்கள். வாங்கியவரின் அளவுக்கு வெட்டித் தைப்பது தையற்காரர் பாடு. பின்பக்கத்துக்கோ வெறும் லினன் அல்லது பருத்தி. உடம்பு பெருத்தால் தளர்த்தவும் இளைத்தால் இறுக்கவும் அங்கே நாடாக்கள். பிற்காலத்தில் ஒரு பட்டையும் பக்கிளும். ஒய்யாரக் கொண்டைப் பழமொழி லண்டனிலும் செல்லும் என்பது பெறப்பட்டது.

தடை: பின்பக்கம் மெலிதாக இருந்தால்தானே மேலே கோட்டு ஒழுங்காகப் படியும், உடம்பும் வேகாது எனின்,

விடை: அது உண்மை. ஆகவே ஆய்வுக்கு உதவாது.

கிளைத்தேற்றம்: 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிலர் இரண்டு வேஸ்ட்கோட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்தனர். உள்ளே இருப்பதன் ஓரம் மட்டுமே வெளியே தெரியும். தெரியாததைச் சுமப்பானேன் என்ற தெளிவு பின்னர் பிறந்தது. கழுத்தோரத்தில் உட்புறமாகப் பித்தானிட்டு மாட்டும் வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றே இரண்டாம் வேஸ்ட்கோட்டாக வேலை பார்த்தது.

புறனடை: அடிப்பித்தானைப் பூட்டாமல் விடும் வழக்கம் ஏழாம் எட்வர்டின் தொந்தியிலிருந்து வந்தது என்பர். பித்தானும் உண்டு, காஜாவும் உண்டு, பூட்டு மட்டும் இல்லை. இது முன்பக்கத்தின் ஊதாரித்தனம் ஆதலின் நம் நூற்பாவுள் அடங்காது.

முடிபு: 20ஆம் நூற்றாண்டில், வால்கோட்டோடு அணியும் வெள்ளை வேஸ்ட்கோட்டு பின்பக்கத்தை அறவே விட்டது. கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவே. ஆக, சார்லஸ் கட்டளையிட்ட சிக்கனம் முற்றுப்பெற 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் பாதி உடையில். மற்றப் பாதி வரும் இயலுள் காண்க.