‘ஏ’ தட்டினால் ‘சி’

கேள்வி: இசை மென்பொருளில் கம்ப்யூட்டர் கீபோர்டிலேயே வாசிக்கலாமாமே, பிறகு பியானோ கீபோர்டுக்கு எதற்குக் காசு?

பதில்: தோன்றிய மெட்டைப் பிடித்துவைக்க மட்டும் என்றால் காசு வேண்டாம். கராஜ்பேண்ட் என்ற இசை மென்பொருளில் ‘ஏ’ தட்டினால் ‘சி’ ஸ்வரம் ஒலிக்கும் (ஆங்கில ஆசிரியர்கள் மன்னிக்க). நடு வரிசை வெள்ளைக் கட்டை, மேல் வரிசை கறுப்பு, ‘இஸட்’டும் ‘எக்ஸ்’ஸும் ஸ்தாயி மாற்ற. ஆனால் எழுத்துச் சாவி வெறும் சுவிட்ச். கோபமாகக் குத்தினாலும் கொஞ்சித் தொட்டாலும் அதற்கு ஒன்றுதான். மென்பொருள் ஸ்வரங்களைக் குறித்துக்கொள்ளும் மிடி முறையில் அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை அளவு இருந்தும், எல்லா ஸ்வரமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். ‘பழைய ஹார்ப்சிகார்ட் வாத்தியமும் அப்படித்தானே, இசைமேதை பாக் அதில் வாசிக்கவில்லையா?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஹார்ப்சிகார்டில் பத்து விரலை வைத்தால் பத்து ஸ்வரமும் கேட்கும். மலிவான கம்ப்யூட்டர் கீபோர்டில் சாவிகள் கம்பிகளைப் பங்குபோட்டுக்கொள்வதால், குறிப்பிட்ட சில சாவிகளை மூன்றாகச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது பதிவாகாது. பிழை உங்கள் விரலிலா, கம்பியிலா என்று குழம்புவதுதான் மிச்சம். அழுத்தத்தைப் பிறகு மவுஸால் திருத்தலாம் என்பதும் உண்மையே. ஒரு முழுப் பாட்டையும் ஸ்வரம் ஸ்வரமாகத் திருத்தும் பொறுமை உள்ளவர், அந்த நேரத்தில் பியானோவே கற்றுக்கொண்டுவிடுவார்.