மூன்று ஆரஞ்சுக் கோடுகள்

வா பெடல் வாங்கப் போவதாக என் அக்கா மகன் அறிவித்தது தைப்பூசத்துக்கு முன்னால். இப்போது கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் தீபாவளிச் சந்தைக்குக் கூடாரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பயல் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கைபேசியில் ஷாப்பியைத் திறந்தால் க்ரை பேபி என்ற ஒரே பெயரில் ஒரு பட்டாளமே வந்து நிற்கிறது: திருகுகள் வைத்தது, திருகே இல்லாதது, கால் பட்டதும் தானாக விழித்துக்கொள்வது, ஹென்ட்ரிக்ஸ் பெயர் போட்டது, பாதி அளவில் ஒரு குட்டி. ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்ட யூடியூபில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அவர் எதை மிதித்தாலும் நன்றாக இருக்கிறது. இவனால் முடிவெடுக்க முடியாமல் போனது அதனால்தான்.

எனக்கு அந்தத் துன்பம் வாய்க்கவில்லை. 1980களின் நடுவில், ஊரைப் பெரியவர்கள் சிலர் இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் (1972-இலேயே பெயரை மாற்றியாகிவிட்டது, இவர்களிடம்தான் யாரும் கேட்கவில்லை), வா பெடல் என்பது கோலாலம்பூரில் ஓர் இசைக்கருவிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரே ஒரு பொருள். அதைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறி, பெடரல் நெடுஞ்சாலையில் தூங்கி விழுந்து, கிள்ளான் பஸ் ஸ்டேண்டில் இறங்கி (கிள்ளான் பஸ் ஸ்டேண்ட் இருந்தது கோலாலம்பூரில் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் விடிந்துவிடும்), வெயிலில் நடந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போம். "சூபா தா போலே, பெலி போலே" என்பார் தவுக்கே, பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். வாசித்துப் பார்க்கக் கூடாது, வாங்கலாம். வாங்க அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு வீட்டில் வேறு விண்ணப்பங்கள் நிறைய இருந்தன.

கிட்டார் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வா பெடல் என்பது காலால் மிதிக்கிற ஒரு பெட்டி. ஒலியில் ஏதோ ஒரு சிறு பகுதியை மட்டும் தூக்கிப் பிடிக்கும் வடிகட்டி உள்ளே இருக்கிறது. குதிகாலை அழுத்தினால் சுமார் 400 ஹெர்ட்ஸில் தூக்கும், விரல்பக்கம் அழுத்தினால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் போகும். கால் ஆட ஆட கிட்டார் வாயைத் திறந்து திறந்து மூடும். 1966-இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியின் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர், வாக்ஸ் ஆம்ப்ளிஃபையரில் இருந்த விலை கூடிய ஒரு ஸ்விட்சுக்குப் பதிலாக மலிவான திருகு வைக்கப் பார்த்தபோது இது பிறந்தது. ஆர்கனின் வால்யூம் மிதி ஒன்றுக்குள் அதைப் பொருத்தினார்கள். கம்பெனி முதலாளிக்கோ அது ஊதுகருவிக்காரர்களுக்கு உகந்த சரக்காகத் தோன்றி, அடுத்த ஆண்டு வந்த முதல் பெடல்களில் க்ளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட்காரரின் பெயரைப் போட்டார். 1968-இல் ஹென்ட்ரிக்ஸ் 'வூடூ சைல்ட்' வாசித்தார், 1971-இல் ஐசக் ஹேய்ஸின் 'ஷாஃப்ட்' பாட்டில் சார்ல்ஸ் பிட்ஸ் மிதித்தார். அதற்குப் பிறகு ட்ரம்பெட்டை யார் நினைத்தார்கள்.

எனக்குப் பெடல் கப்பலில் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, பிலிப்பினோ மாலுமி ஒருவர் கைச்செலவுக்கு விற்ற சாமான்களோடு சாமானாக இதையும் வாங்கிவந்தார், தையல் மெஷின் மிதி என்று நினைத்து. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிதி வந்துருச்சி, மெஷினு எந்தக் கப்பல்ல வருது?" என்றார். அடியில் இத்தாலி என்று இருந்தது. ஜென் கம்பெனி செய்த க்ரை பேபி. அன்று சாயங்காலம் நான் அதை மிதிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து, "யாரு வீட்டுப் புள்ளப்பா இப்படி அழுவுது, பாலக் குடுங்களேன்" என்றார். இசை விமர்சனம் என்று எனக்குக் கிடைத்தவற்றில் அதுவே மிகத் துல்லியமானது.

எங்கள் குழு கல்யாண விருந்துகளுக்கு வாசிக்கும். இளையராஜா பாட்டுகள், 'நினைத்தாலே இனிக்கும்' படத்துப் பாட்டுகள் (கதையே ஒரு இசைக்குழுவைப் பற்றியது, அதுவும் பக்கத்துச் சிங்கப்பூரில் படமெடுத்தது, விடுவோமா), மலாய்க்காரர் மேசைகளுக்காக அலிகேட்ஸ் பாட்டு இரண்டு. ஆறுமுகம் சகோதரர்கள் பினாங்கிலிருந்து புறப்பட்டு மலாயில் பாடி நாட்டையே ஆட வைத்தவர்கள் என்பதால், அந்தப் பாட்டுகளுக்குத் தமிழ் மேசைகளிலும் கைத்தட்டல் குறையாது. ஆனால் என் ஆசையெல்லாம் ஒரேயொரு பாட்டின் இடையிசையில் வரும் வா கிட்டார் மேல்தான். பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன்; சொன்னால் நீங்கள் இப்போதே போய்க் கேட்டுவிட்டு, இதற்கா என்பீர்கள். ரேடியோவின் தமிழ்ப் பிரிவில், இன்றைய மின்னல் எஃப்எம்மின் பாட்டன் காலத்தில், அது ஒலித்தபோது கேசட்டில் பிடித்து, ரீல் தேயும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டேன். என் இத்தாலிப் பெடலோ அப்படிப் பேச மறுத்தது.

அப்போதுதான் பண்டமாரானில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் வருகிறார். ரப்பர் கால்களைக் கழற்றி அடித்தகட்டைத் திறந்தவர், உள்ளே பார்த்து ஏமாந்துபோனார். இரண்டு ட்ரான்சிஸ்டர், கைப்பிடி அளவு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், ஒரு சிவப்புச் சுருள். "இதுக்கா ஒங்க மாமா காசு குடுத்தாரு?" என்றபடி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் சுற்றை வரைந்தார். இன்று அந்தப் படத்தை இணையத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்துவிடலாம். அண்ணன் அதை ஒரு கையில் பென்சிலும் மறுகையில் மீட்டருமாக, நடுநடுவே வாடிக்கையாளர்களின் டிவியைத் தட்டியபடி வரைந்த வேகத்தை நினைத்தால், அவசரம் என்பது அதற்குப் பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது போலும்.

சுருளுக்குப் பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டர், உடம்பில் மூன்று ஆரஞ்சுக் கோடு. 33 கிலோ ஓம். "இதுதான் பேச்சோட கூர்மைய புடிச்சி வச்சிருக்கு" என்றார். அதை எடுத்துவிட்டு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு போட்டோம், 47 கிலோ ஓம். கிட்டார் தொண்டையைச் செருமியது. நீலம், சாம்பல், ஆரஞ்சு, 68, மூக்கால் பேசியது. இன்னொரு இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 0.015 ஆக்கினால் குரல் கொஞ்சம் கீழே இறங்கும், வயது வந்த பையனுக்கு உடைவது மாதிரி. திருகின் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டினாலே, சொட்டு ஈயம் செலவில்லாமல், எல்லை முழுக்க நகரும். பெடலை அணைத்த பிறகும் அது கிட்டாரின் ஒலியில் ஒரு பங்கைத் திருடிக்கொண்டிருந்தது. அணைத்தாலும் உள்வழி துண்டிக்கப்படாத ஒற்றை வரிசை ஸ்விட்ச் காரணம். இரட்டை வரிசை ஸ்விட்ச் போட்டதும் திருட்டு நின்றது. அந்தச் சிவப்புச் சுருளை மட்டும் அண்ணன் தொடவில்லை. "அது கெடக்கட்டும் தம்பி. புரியாதத நோண்டக் கூடாது."

உதிரிப்பாகங்கள் வேண்டுமென்றால் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போக வேண்டும். எனக்கு இன்று இழப்பாகத் தோன்றுவது வா ஒலிகூட இல்லை, இந்தப் பயணம்தான்: சில சென் பெறுமானமுள்ள ரெசிஸ்டர்களுக்காகச் சில வெள்ளி பஸ் செலவு, சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள் வைத்த கடைகள், கேட்கும் முன்பே எந்த இழுப்பறை என்று தெரிந்த கிழவர், பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழையிலைச் சாப்பாடு, ரசத்துக்கு இரண்டாம் கிண்ணம் காசில்லாமல், அப்படியே கேசட் கடையில் நின்று, வாங்காமல் மூன்று பாட்டு கேட்பது. பிரிக்பீல்ட்ஸ் 2010-இல் அதிகாரபூர்வமாக லிட்டில் இந்தியா ஆனது, இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து திறந்துவைத்தார்கள். அதற்கு முன்பு அது என்ன நாடாக இருந்தது என்று கேட்கத் தோன்றும். 1995-இல் கொமுட்டர் ரயில் வந்தது; போர்ட் கிள்ளானிலிருந்து குளிரூட்டிய பெட்டியில் உட்கார்ந்தபடியே கோலாலம்பூர் போகலாம். வசதி வந்த சமயத்தில் ஜாலான் பாசாருக்குப் போக எனக்குக் காரணம் தீர்ந்துவிட்டது.

ஏனென்றால் அண்ணன் அந்த ஒலியைப் பிடித்துவிட்டார். ஒரு நாள் கடையை மூடும் நேரத்தில், கேசட்டில் இருந்தது எதுவோ அது அப்படியே என் காலிலிருந்து வந்தது. பல ஆண்டு கழித்து அதே பாட்டு சுத்தமான பதிவாகக் கைபேசியில் கிடைத்தபோது கேட்டேன்: கிட்டார் சாதுவாக, ஓரமாக, வேறொருவர் வீட்டில் வாசிப்பதுபோல இருக்கிறது. நாங்கள் இத்தனை ரெசிஸ்டர் மாற்றித் துரத்திப் பிடித்தது பாதி கேசட்டின் தேய்மானத்தை, மீதி எங்கள் வீட்டு ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரை. உலகத்திலேயே ஒரு பழைய ரேடியோவைத் தத்ரூபமாக வாசிக்கும் இத்தாலிப் பெடல் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கர்வமுண்டு.

கர்வத்துக்கு ஏற்ற தலைமுடியும் அப்போது இருந்தது. 1992-இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மட் நீள்முடி ராக்காரர்களை ஆர்டிஎம்மில் விடமாட்டேன் என்று சொல்லி, 'சேர்ச்' குழுவின் அமியே முடியைக் கொடுக்க நேர்ந்தபோது, எங்கள் வட்டாரமே கொதித்தது. என்னை ஆர்டிஎம் எந்தக் காலத்திலும் கூப்பிட்டதில்லை, நானும் கொதித்தேன். இன்று தடையில்லை, முடியும் இல்லை.

போன வாரம் அக்கா மகன் வந்து பழைய பெடலை மிதித்துப் பார்த்தான். "நாய்ஸ் ஜாஸ்தி மாமா" என்றான். அடியைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது. அண்ணன் நோண்டாமல் விட்ட அந்தச் சிவப்புச் சுருள் ஃபாசெல் என்பதாம். அதைத் தனியாகவே தேடி வாங்குகிறார்களாம், டன்லப் கம்பெனி மறுபதிப்பே போட்டிருக்கிறதாம். கூர்மையும் எல்லையும் திருகில் மாறும் 535கியூ என்ற ஒன்றைக் காட்டினான்: அண்ணனின் ஒரு வருட உழைப்பு, மூன்று திருகாக. ஹீலிக்ஸ் என்ற இன்னொரு பெட்டிக்குள் வா பெடல்கள் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் கணக்கு, ஈயமே கிடையாது. எதை அவன் வாங்கினாலும் அது அநேகமாக நம் துறைமுகத்தில்தான் வந்து இறங்கும், ஷா ஆலாமில் ஏதோ ஒரு கிடங்குக்குப் போய்ச் சுற்றி, வேனில் திரும்ப நம் வாசலுக்கு வரும். என் மாமா அதைக் கப்பலடியிலேயே வாங்கிவிட்டார்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது: எது மலிவோ அதை எடுங்கள், பிடிக்காவிட்டால் அந்த மூன்று ஆரஞ்சுக் கோட்டை முதலில் மாற்றுங்கள். ஏற்கெனவே வாங்கி, இருபது முப்பது வருடமாக ஸ்டோர் ரூமில் போட்டுவைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடித்த கையோடு போய் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கேபிள் செருகியிருந்தாலே அது ஓடிக்கொண்டிருக்கும்; தீர்ந்துபோனது ஒழுகினால் பலகையில் உள்ள செப்புத் தடத்தை அரித்துவிடும், அந்தத் தடத்துக்கு ஜாலான் பாசாரில் உதிரிப்பாகம் கிடையாது.