மூக்குத்தி தெரியுது, கம்மல் எங்கடா?

வாடா பேராண்டி. புது லென்ஸாமே? 85 எம்எம், எஃப் 1.4. ஒரு லோடு பெங்களூரா மாங்காக் காசு போச்சுன்னு உங்கப்பன் பொலம்பிகினு இருந்தான்.

பாட்டியப் புடிச்ச படத்தக் காட்டு. அடேங்கப்பா, மூக்குத்திக் கல்லு இன்னாமா மின்னுது! கம்மல் எங்கடா? அடகு வெச்சிட்டியா? ரெண்டு மீட்டர்ல நின்னுகினு லென்ஸு தொளைய முழுசா தொறந்தா, தெளிவா வர்றது 4.5 செ.மீ. ஆழந்தான். பாட்டி மூஞ்சி அதுல அடங்குமா? எஃப் 4 வையி, 13 செ.மீ. கெடைக்கும். கம்மலும் வூடு வந்து சேரும்.

நானும் ஒரு காலத்துல ஸ்டூடியோவுல யாஷிகா பொட்டி தூக்கினவந்தான்டா. நம்பர் ஏறினா தொளை சுருங்கும், தெளிவு நீளும். கண்ணாடிய மறந்துட்டு வந்த பாட்டி, திருப்பதி பஸ்ஸு போர்டப் படிக்கக் கண்ண இடுக்குறாளே, அதான் உன் எஃப் 16. காலேஜுக்கா போய்ப் படிச்சா? ஆனா தொளை சுருங்கினா வெளிச்சம் கொறையும், ஷட்டர் மெதுவாவும். கை ஆடாமப் புடி.

மங்கலே வாணாம்னு சொல்லலடா. பின்னால எருமூட்டையும் சித்தப்பன் லுங்கியும் தொங்கினா, தாராளமா மங்க வையி. அதுக்குப் பாட்டிய செவுத்துல ஒட்ட வெச்சா ஆவாது, பத்தடி முன்னால இழுத்து வுடு. செவுரு தள்ளிப் போவப்போவத்தான் கரையும்.

எத மறைக்கறோம்னு தெரிஞ்சி மறைக்கணும். 2009ல காளாஸ்திரில சித்தப்பன் கல்யாணம். படம் எடுக்க வந்தவன் உன்ன மாதிரியே தொளைப் பைத்தியம். 1516ல கிருஷ்ணதேவராயர் கட்டின ராஜகோபுரத்தப் பின்னால நிறுத்தி, அதப் புகையாக்கிட்டான். 2010 மே 26, கோபுரம் இடிஞ்சி வுழுந்துச்சி. புதுசு கட்டிட்டாங்க, சரி. பழச ஒருதரம் பாக்கலாம்னு ஆல்பத்தத் தொறந்தா, சித்தப்பன் மீச மட்டும் மயிரு மயிரா தெரியுது. ராயர் புகையில நிக்கறாரு.

நாளைக்கிக் குடும்பப் படம் எடுக்கறியாமே, திருப்பதி மலையப் பின்னால வெச்சி? 24 எம்எம் போடு, எஃப் 8 வையி. ரெண்டர மீட்டர்ல ஃபோகஸ் வெச்சா, ஃபுல் ஃபிரேம் கேமராவுல ஒண்ணேகா மீட்டர்லேர்ந்து மலை வரைக்கும் தெளிவா வரும்.

நான் கடைசி வரிசையிலதான் நிப்பேன். நானும் பழைய கோபுரந்தான்டா, பாத்து எடு.