தலை கொடுத்த தாய்க்கு

பெறுநர்: ஹஸ்தேவ் காட்டில் பீடி இலை பறிக்கும் கோண்டுப் பெண்மணி, சர்குஜா மாவட்டம், சத்தீஸ்கர்.

பொருள்: சர்வதேச வகுத்தல் கணக்குக்குத் தலை கொடுத்து உதவியமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

அம்மா,

கரியமில வாயு விடுவதில் உலகில் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டீர்களே என்று மாநாடுகளில் யாராவது கேட்டால் நாங்கள் பதறுவதில்லை. மொத்தப் புகையை 140 கோடியால் வகுத்துக் காட்டுவோம். தலைக்கு இரண்டு டன் சொச்சம். அமெரிக்கருக்கோ சுமார் 14. கேட்டவர் வாயடைத்துப் போவார். (அவரும் யோக்கியர் இல்லை. இருநூறு வருஷம் நிலக்கரி எரித்து வயிறு வளர்த்துவிட்டு நமக்கு விரதம் போதிக்கிறார்.)

அந்த இரண்டு டன் யாருடைய புண்ணியம்? எங்கள் வீடுகளில் அறைக்கொரு ஏசி, ஆளுக்கொரு கார். உங்கள் வீட்டில் மண் அடுப்பு, சுள்ளி, மறுபடி நிரப்பக் காசில்லாத சிலிண்டர், அதன் தலையில் இலுப்பைப்பூ காயும் முறம். இரண்டையும் கூட்டி வகுத்தால் எங்கள் புகை உங்கள் கணக்கில் இறங்கிவிடுகிறது. நீங்கள் ஏழையாக இருப்பதே தேசத் தொண்டு.

பணத்தால் வகுக்கவும் கற்றிருக்கிறோம். 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது புகையை அல்ல. ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு புகை என்பதை. 2005-இல் விட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இன்று விடுகிறோம், ஆனாலும் குறைத்துவிட்டோம்! சம்பளம் மூன்று மடங்கானவன் இரண்டு மடங்கு குடித்துவிட்டு, குடி குறைந்துவிட்டது என்று பெண்டாட்டியிடம் கணக்குக் காட்டுவதுபோல. 2024-25-இல் நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியதும் பெருமிதம் தாங்கவில்லை எங்களுக்கு.

அந்த நிலக்கரிக்காக உங்கள் காட்டைத் தோண்ட வேண்டாம் என்று சொல்ல 2021-இல் ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்து வந்தீர்கள். கால் வலித்திருக்கும். வண்டி ஏறாமல் வந்ததில் மிச்சமான புகைக்குத் தனி நன்றி. உங்கள் காட்டிலுள்ள கட்பர்ரா ஊருக்கு 2013-இல் தந்த வன உரிமையை 2016-இல் பிடுங்கிக்கொண்டதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் துபாய் காலநிலை மாநாட்டில் பூமியைக் காப்பது பற்றிப் பேசினோம்; அந்த மாதம் முடிவதற்குள் போலீஸ் காவலோடு உங்கள் மரங்களை அறுத்தோம். பதிலுக்கு எங்காவது நடுவோம். கிரேட் நிக்கோபாரின் மழைக்காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் நட ஏற்பாடு செய்தவர்கள் நாங்கள்; எங்களுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல.

புகைக் கணக்கில் நிகர பூஜ்ஜியத்துக்கு 2070 என்று நாள் குறித்திருக்கிறோம். வாக்குக் கொடுத்தவர்களில் அன்று எவரும் இருக்கமாட்டார்கள் என்பதால் தைரியமாகக் குறித்தோம். அதுவரை சிலிண்டரை நிரப்பிவிடாதீர்கள். காடு போனபின் நகரத்துக்குச் சித்தாள் வேலைக்கு வருவீர்கள். தகரக் கொட்டகையில் ஃபேன் கேட்காதீர்கள். சராசரி ஏறிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் தலைக்குக் கடன்பட்டவர்கள்.

பி.கு.: தாங்கள் இறந்துபோனால் வீட்டார் உடனே பெயரை நீக்க வேண்டாம். வகுக்க ஒரு தலை குறையும்.