‘அதர்ஸ்’ ஃபோல்டர்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி வேலை. தகட்டை வளைத்து, ஓட்டை போட்டு, பெயின்ட் அடித்தால் பிராக்கெட். அது சுலபம். அந்த பிராக்கெட்டின் டிராயிங் சர்வரில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கனரகத் தொழில்.

கீழே ஷாப் ஃப்ளோரில், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்கிற ஃபைவ் எஸ் ஆட்சி. ஸ்பேனர் தொங்கும் இடத்தில் ஸ்பேனரின் உருவமே வரைந்திருக்கும். துடைப்பத்துக்குக்கூட மஞ்சள் கோடு போட்ட சொந்த மனை உண்டு. மாடியேறி ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘ஃபைனல் ஓகே’, ‘இதுதான் ஃபைனல்’. கூடவே ‘டோன்ட் டெலீட்’ என்று ஒரு ஃபோல்டர். அதை உருவாக்கியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஆனாலும் எல்லைச்சாமி போல அதை எல்லோரும் ஒதுங்கியே கடக்கிறோம்.

நிர்வாகம் ஓர் ஆலோசகரை அழைத்து வந்தது. அவர் போர்டில் மரம் வரைந்தார்: கஸ்டமர், அதன் கீழே பார்ட், அதன் கீழே வருஷம்.

“சார், ஒரே பிராக்கெட் ரெண்டு கஸ்டமருக்குப் போகுதே?”

“ரெண்டுலயும் போட்டு வைங்க.”

“ஒண்ணுல மட்டும் திருத்திட்டா?”

அவர் டீ குடிக்கத் தொடங்கினார்.

இந்தச் சிக்கலைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அவிழ்த்தவர் சீர்காழிக்காரர். 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அப்போது செல்வாக்கோடு இருந்தது அமெரிக்கர் டியூயி 1876-இல் வெளியிட்ட நூலக எண்முறை. அதில் ஆங்கிலத்துக்கு 420, ஜெர்மனுக்கு 430. தமிழ்? 490, ‘இதர மொழிகள்’. அதற்குள்ளும் தேடிப் போனால் 494.811. தொல்காப்பியருக்கே ‘அதர்ஸ்’ ஃபோல்டர் என்றால் என் பிராக்கெட் எம்மாத்திரம்!

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. அதே துண்டுகளை மாற்றி மாட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தகத்தை ஒரே கிளையில் தொங்கவிடாமல், பல முகங்களாகப் பிரித்துச் சேர்க்கும் கோலன் பகுப்புமுறையை 1933-இல் வெளியிட்டார். எது, எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று அந்த முகங்களைப் பின்னாளில் ஐந்தாக வகுத்தார். மெக்கானோ என்பது வேறொன்றுமில்லை, ஓட்டை போட்ட தகடும் போல்ட் நட்டும்தான். எங்கள் கம்பெனியில் அதைத்தான் டன் கணக்கில் செய்கிறோம். ஒருவருக்கும் ஒரு பொறியும் தட்டியதில்லை. வெல்டிங் பொறி கணக்கில் சேராது.

ஃபைலுக்கு ஐந்து டேக் போட்டால் எந்தப் பக்கமிருந்தும் தேடி எடுக்கலாம் என்று மீட்டிங்கில் சொன்னேன். “சூப்பர்! யார் போடறது?” என்றார் மேனேஜர். எல்லோரும் அவரவர் செல்போனைப் பார்த்தார்கள்.

“அதான் ஹெச்.எஸ்.என். கோடு இருக்கே” என்றார் அக்கவுன்ட்ஸ் அக்கா. 1988 முதல் உலகச் சுங்கத்துறைகள் பொருள்களுக்குப் போடும் ஆறு இலக்க எண். நம் ஊரில் எட்டு. 8708 என்றால் வண்டி உதிரிபாகம். பம்பர், பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சேஸிஸில் மாட்டும் எங்கள் பிராக்கெட்டுக்கு 8708 99 00. சுங்கப் புத்தகத்தில் அதற்கு நேரே போட்டிருப்பது ‘இதர’.

ஆடிட் நாளில் ஆடிட்டர் ஒரு டிராயிங் கேட்டார். சர்வர் தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. நான் ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு போன் போட்டேன்.

“எந்த பிராக்கெட்டுப்பா? ஜி.ஐ. தகட்டுல போட்டு, பெயின்ட் உரிஞ்சு, ரெண்டாம் லைன்லேர்ந்து தீபாவளிக்கு முன்னாடி திரும்பி வந்துச்சே, அதுவா?”

விரல் விட்டு எண்ணினேன். வாத்தியார் சொன்ன ஐந்தும் இருந்தன. போனை வைப்பதற்குள் ஃபைல் எந்த டிரைவில், யார் பெயரில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணன் வருகிற மார்ச்சில் ரிட்டயர் ஆகிறார். ஆலோசகரை மறுபடி அழைத்திருக்கிறார்கள்.