எழுத்தாளர், குடும்ப சமேதராய்

புதுவயலில் இறங்கி, எழுத்தாளர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "அரிசி மில்லுல கணக்கு எழுதுனாரே, அவுகளா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவரேதான். நெல் அவியும் வாடைக்கு நடுவே ஆயுசில் பாதியைப் பேரேட்டில் கழித்துவிட்டு, மிச்ச நேரத்தில் மூன்று சிறுகதைத் தொகுதிகளும் போட்டுவிட்டார். இரண்டில் பேரேட்டுக்குத்தான் வாசகர் அதிகம். ஆடிட்டர் வரிவிடாமல் படிப்பார். சந்தேகம் வந்தால் போன் போட்டும் கேட்பார்.

இந்த இனத்து எழுத்தாளர் இலக்கிய விழாவுக்குத் தனியாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. அழைப்பிதழ் வந்த அன்றைக்கே வீட்டில் இலக்கியம் முடிந்து யாத்திரை ஆரம்பமாகிவிடும். விழா மதுரையிலா? மனைவி ஆச்சிக்கு மீனாட்சி தரிசனம் பாக்கி இருக்கிறது. மகளுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்க வேண்டும். மாமியாருக்கு முழங்கால் டாக்டர். பேரனுக்கு ஜிகர்தண்டா. இத்தனைக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடுக்கில் ‘சமகாலச் சிறுகதையின் போக்குகள்’ என்று ஓர் அமர்வு. 2022-23ல் அரசாங்கம் பொருநை, வைகை, காவேரி, சிறுவாணி என்று ஆற்றின் பெயரில் இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியபோது, பத்திரிகைச் செய்தியை இவர் பெருமிதத்தோடு உரக்க வாசித்தார். ஆச்சி கேட்டது ஒரே கேள்வி: "காவேரி தஞ்சாவூர்லயா? அப்ப அதுக்குக் கூப்பிட்டா ஒத்துக்கங்க. ரெண்டு கலைத்தட்டு வாங்கணும்."

விழாக்காரர்கள் முன்கூட்டியே போன் செய்வார்கள். "ஐயா, கூட யாரும் வர்றாங்களா?" "குடும்பத்தோட வர்றேன் தம்பி" என்பார், எண்ணிக்கையை விழுங்கிவிட்டு. அந்தத் தம்பி, ஐயாவும் அம்மாவும் என்று கணக்குப் போட்டு, கட்டில் இரண்டு உள்ள அறையாகப் பார்த்துப் போட்டு வைப்பார். வாசலில் வந்து நிற்கும் வேனிலிருந்து ஏழு பேர் இறங்குவார்கள். கடைசியாக ஒரு கொட்டான் இறங்கும். அதற்குள் சம்படம், சம்படத்துக்குள் சீப்புச் சீடையும் மனகோலமும். "வாடகை வண்டி எடுத்தாச்சு, சீட்டைக் காலியாவா ஓட்டிட்டு வர்றது?" என்பது மாப்பிள்ளையின் நியாயம். சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிற பையன் முகத்தை மட்டும் அப்போது பார்க்கக்கூடாது.

இதில் சிரிக்க நமக்குப் பெரிய உரிமை கிடையாது. இந்தப் பக்கத்தில் இலக்கியத்துக்குக் குடும்பத்தோடு போவதுதான் வழக்கம். 1939ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். பங்குனி பிறந்தால் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்து பட்டிமண்டபம் கேட்ட வீடுகள் இங்கே ஏராளம். ஆனால் கம்பன் அடிப்பொடி என்று பெயர் பெற்ற அவருடைய சபையில் கண்டிப்பு அதிகம். குறித்த நேரத்தில் தொடங்கும், குறித்த நேரத்தில் முடியும். பேசுகிறவர் எத்தனை பெரிய மனிதரானாலும் கடிகாரம் அவரைவிடப் பெரியது. நம் எழுத்தாளருக்கு அந்தக் கடிகாரம் மூன்றாவது வரிசையில் மூக்குத்தி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மதுரை விழாவில் அமர்வு பதினோரு மணிக்கு. மீனாட்சி நடை சாத்துவது பன்னிரண்டரைக்கு. அரங்கில் உள்ள தலைகளில் பாதி இவர் கொண்டுவந்தது. ‘புதுமைப்பித்தனுக்குப் பிறகு...’ என்று இவர் தொடங்க, சம்படத்தின் மூடி ‘டப்’பென்று திறந்தது. இவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். பேச்சு முடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை கைதட்ட, மற்ற ஐந்து பேரும் தட்ட, அரங்கமே தட்டியது. மறுபடி தொடங்குவதற்குள் ஆச்சி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். உலகச் சிறுகதை மூன்றே வாக்கியத்தில் முடிந்தது. ஜோல்னாப் பையோடு தனியாக வரும் எழுத்தாளர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அவர்களை நிறுத்த ஆளில்லாமல் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அந்த வகையில் என் ஓட்டு குடும்பஸ்தருக்கே.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "உங்க கதையில வர்ற பொம்பளைங்க ஏன் சார் பேசுறதே இல்ல?"

"அதும்மா, மௌனத்துக்கு ஓர் அழகியல் உண்டு..." என்று இவர் மைக்கை நெருங்கினார்.

"பேசத்தான் செய்யிறோம்" என்றது மூன்றாவது வரிசை. "இவுக எங்க காது குடுத்தாக?"

அன்றைய விழாவில் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். இந்த முறை மாப்பிள்ளை தட்டவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். ஆச்சி ஓரத்தை இரு விரலால் நெருடி, போன தடவையைவிட மட்டம் என்று தீர்ப்புச் சொல்லி மடித்து வைத்தார். அடுத்த புதுமனை புகுவிழாவில் அது வேறொரு தோளுக்குப் போகும். நினைவுப் பரிசாக வழக்கம்போல் வள்ளுவர். வீட்டில் ஏற்கெனவே ஆறு வள்ளுவர் இருக்கிறார்கள். வெளியே புத்தகக் கடையில் இவருடைய தொகுதி ஒன்று விற்றிருந்தது. வாங்கியவர் மாப்பிள்ளை. மாமனார் பார்க்கும்படி நின்று வாங்கியிருந்தார்.

திரும்பும்போது மேலூர் வழியாக வந்திருந்தால் சீக்கிரம் வீடு சேர்ந்திருக்கலாம். கண்ணாத்தாளைக் கும்பிடாமல் எப்படி என்று மாமியார் சொல்லிவிட்டதால் வண்டி சிவகங்கை சுற்றி நாட்டரசன்கோட்டைக்குப் போனது. அம்மனைக் கும்பிட்ட கையோடு, இவர் பேரனைத் தூக்கிக்கொண்டு கம்பர் சமாதிக்கு நடந்தார். அந்த மண்ணைக் குழந்தை நாக்கில் துளி வைத்தால் வாக்கு வளரும், கவி பாடும் என்பது இங்கே தலைமுறைகளாக இருக்கும் நம்பிக்கை. இவருக்கும் சின்ன வயதில் இவருடைய ஆத்தா வைத்ததுதான்.

குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். பேரன் "ஆ" என்று வாயைத் திறந்தான். பின்னாலேயே ஓடிவந்த ஆச்சி அந்த வாயைப் பொத்தினார்.

"வீட்டுக்கு ஒருத்தர் போதும்."