பால்கனி வைத்தியர்

மார்ச் பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும் பெங்களூரு அடுக்ககங்களில் இவர் தலையெடுப்பார். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐ.டி. வேலை, சொந்த ஊர் மதுரையோ திருச்சியோ. பீர் குடிப்பவர்களைக் கண்டால் இவருக்கு இரக்கம். விஸ்கியா? "அது அப்பா காலத்துச் சரக்கு ப்ரோ." ஜின் மட்டும்தான் தொடுவார், அதுவும் பச்சிலை போட்டு.

"ஞாயித்துக்கிழமை சும்மா வாங்க ப்ரோ, ஒரு கிளாஸ் சாப்பிட்டுப் போலாம்" என்பார். போய் வந்தவர்களுக்குத் தெரியும், கிளாஸ் கொடுக்குமுன் கிளாஸ் எடுப்பார் என்று. ஜூனிபர் பார்க்கப் பழம் மாதிரி இருந்தாலும் ஊசியிலைச் செடியின் கூம்பாம்; அது இல்லாமல் ஜின்னே இல்லையாம். ஐரோப்பியச் சட்டப்படி ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாதாம். டானிக் தண்ணீரில் கசப்பது குயினைன். மலேரியாவுக்குப் பயந்த வெள்ளைக்காரத் துரைமார் அதை ஜின்னோடு கலந்து விழுங்கினார்கள். "அப்ப இது மருந்துதானே ப்ரோ?" இன்றைய டானிக்கில் இருக்கிற குயினைனுக்கு ஒரு கொசு கூடப் பயப்படாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

இவருடைய உயிர், பேசில் ஸ்மாஷ். 2008இல் ஹாம்பர்க் நகரத்து 'லெ லியோன்' பாரில் யோர்க் மேயர் என்பவர் உருவாக்கியது. ஷேக்கரில் கைநிறையப் பேசில் இலையைப் போட்டு நசுக்கி, 60 மில்லி ஜின், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ் சேர்த்துக் குலுக்கி, இரட்டை வடிகட்டியில் வடித்தால் கிளிப்பச்சையாய் இறங்கும். பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி. மொத்தமே ஐந்து நிமிஷ வேலை.

ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டால் என்ன மரியாதை? அவருடைய பேசில் செடி வேறு போன வாரமே காய்ந்து போயிருக்கும். பார்வை மெல்ல அம்மாவின் துளசித் தொட்டிக்குப் போகும்.

"அம்மா, நாலே நாலு இலை..."

"தொட்டிப் பக்கம் கைய நீட்டிப் பாரு, தெரியும் சேதி! ஜூஸுக்குத் துளசி கேக்குதா? உன் பேசில் நம்ம திருநீற்றுப் பச்சிலைதான்டா. சப்ஜா வெதை எதுலேர்ந்து வருதுன்னு நினைச்சே?"

ஜூஸ் என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அம்மாவும் நம்புவதாகக் காட்டிக்கொள்கிறார். குடும்பம் என்றால் அப்படித்தான்.

கடைசியில் ரசத்துக்கு வாங்கிய புதினாதான் கை கொடுக்கும். உடனே பெயரும் மாறிவிடும்: "இது சவுத்சைடு ப்ரோ, இன்னும் பழைய கிளாசிக்." புதினாவை அழுத்தி இடித்தால் கசந்துவிடும், உள்ளங்கையில் வைத்துத் தட்டினாலே வாசனை வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இவர் தட்டுகிற தட்டில் பக்கத்து ஃப்ளாட்டில் பஜனை என்று நினைத்துவிடுவார்கள். அதற்குள் வெளியே எடுத்துவைத்த ஐஸ் பாதி கரைந்திருக்கும். கரைந்த ஐஸ் பானத்தை எப்படிக் கெடுக்கும் என்று அதற்கும் ஒரு பாடம் நடக்கும்.

குறை சொல்லக் கூடாது, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும் பானம் நன்றாகவே இருக்கும். அழைத்தால் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், திரும்பும்போது வண்டியைத் தொடாமல் ஆட்டோ பிடியுங்கள். "பிரமாதம்" என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு ரோஸ்மேரி.